திட்டம் முடிந்த பிறகு தோட்டம் நிற்க வேண்டும் என்றால் வரைவில் எதை மாற்றுவது?

கொய்யாக்கிளை:

எல்லாருக்கும் வணக்கம். சின்னத் தொண்டு நிறுவனம் ஒன்றில் களப்பணி பார்க்கிறேன். மானாவாரி நிலம் வைத்திருக்கும் 60 குடும்பங்களுக்கான தோட்டக்கலைத் திட்ட வரைவு இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் மா, வரப்போரம் கொய்யா, வீட்டுக் கொல்லையில் காய்கறி. நிதி நான்கு ஆண்டுகளுக்கு. முதல் ஆண்டில் குழி, கன்று, சொட்டுநீர், பயிற்சி. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் ‘தொடர் கண்காணிப்பு’. நான்காம் ஆண்டில் ‘பயனாளிகள் குழுவிடம் ஒப்படைத்தல்’.

நிதி தருபவர்கள் ஒரே ஒரு கேள்வியை எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்: நீங்கள் போன பிறகு இது எப்படி நிற்கும்?

கேட்டதில் தப்பில்லை. அதே ஊர்களில் முன்பு வேறொரு அமைப்பு கிட்டத்தட்ட இதையே செய்துவிட்டுப் போயிருக்கிறது. பெயர்ப்பலகை நன்றாக இருக்கிறது. சொட்டுநீர்க் குழாயை வேலி கட்டப் பயன்படுத்துகிறார்கள். மரம் அங்கொன்றும் இங்கொன்றும். ஒப்படைப்புக் கட்டத்தில் ‘குழு பொறுப்பேற்கும், உறுப்பினர்களுக்குத் தலைமைத்துவப் பயிற்சி அளிக்கப்படும்’ என்று எழுதியிருக்கிறேன். எழுதும்போதே எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. களத்தில் இருந்தவர்கள் சொல்லுங்கள், அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது?

---

பச்சைப்பை:

சந்தை இணைப்பும் மதிப்புக்கூட்டலும்தான் விடை. பழக்கூழ், வற்றல், ஜாம் என்று ஒரு சிறு ஆலை வைத்துக்கொடுங்கள். வருமானம் வந்தால் மக்களே பார்த்துக்கொள்வார்கள். குழுவை நிறுவனமாகப் பதிவு செய்துவிட்டால் வங்கிக் கடனும் கிடைக்கும்.

---

பதியன்:

பச்சைப்பை சொல்வது எட்டாம் ஆண்டில் சரியாக இருக்கலாம். காய்க்காத மரத்துக்கு எதற்குக் கூழ் ஆலை?

அம்மா, உங்கள் வரைவில் பிரச்சினை கடைசிக் கட்டத்தில் இல்லை. நாள்காட்டியில் இருக்கிறது. ஒட்டு மா மூன்றாம் ஆண்டில் பூக்கும். அந்தப் பூவைக் கிள்ளிவிடச் சொல்லித்தான் நாமே பயிற்சி கொடுக்கிறோம், மரம் வலுக்க வேண்டும் என்று. விற்கிற அளவுக்குக் காய் பார்க்க ஐந்து ஆண்டாவது ஆகும். முழு விளைச்சலுக்குப் பத்து ஆண்டு பக்கம் போகும். உங்கள் நிதியோ நான்கு ஆண்டு. ஆக, குடும்பம் பாடுபட்ட காலமெல்லாம் நீங்கள் கூட இருப்பீர்கள், முதல் பணம் வருவதற்குச் சற்று முன்னால் கிளம்பிவிடுவீர்கள். ‘குழு பொறுப்பேற்கும்’ என்றால் எதைப் பொறுப்பேற்கும்? வருமானம் இல்லாத, தண்ணீர் மட்டும் கேட்கிற ஒரு ஏக்கரை.

இந்த வேலையில் தலைமுடி நரைத்தவன் நான். மரம் எப்போது சாகிறது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன், இரண்டாம் கோடையிலும் மூன்றாம் கோடையிலும். முதல் கோடையில் எல்லாருக்கும் உற்சாகம் இருக்கும், அதிகாரிகள் வருவார்கள், படம் எடுப்பார்கள். அடுத்த கோடையில் கன்று இடுப்பளவு வளர்ந்து ‘இனி பிழைத்துக்கொள்ளும்’ என்கிற தோற்றத்தைக் கொடுக்கும். பிழைக்காது. வேர் இன்னும் கீழே இறங்கியிருக்காது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 40 மா. கோடையில் கன்றுக்கு 15 லிட்டர், வாரம் இரண்டு தடவை என்று சுருக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு 1,200 லிட்டர். 12 லிட்டர் பிடிக்கிற குடம் என்றால் 100 குடம். கிணறு பக்கத்தில் இல்லாத நிலத்தில் இந்த நூறு குடத்தை யார் தூக்குவார்? உங்கள் வரைவில் அந்தப் பெண்ணின் பெயருக்கு எந்தக் கட்டமும் இல்லை. ‘பயனாளி பங்களிப்பு’ என்ற வரிக்குள் அவளை ஒளித்து வைத்திருப்பீர்கள், எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம்.

எனவே நான் முதலில் கேட்பது, 60 ஏக்கரும் எதற்கு? தண்ணீர் எட்டுகிற நிலம் எத்தனை என்று நடந்து பார்த்து எண்ணுங்கள். குடும்பத்துக்கு 40 கன்று வேண்டாம், 20 போதும். இருபது பிழைத்தால் அவர்களே அடுத்த இருபதை நடுவார்கள். நாற்பதில் பதினைந்து பிழைத்தால் அடுத்த தடவை உங்களைப் போல யார் வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

இரண்டாவது, மாவுக்கு நடுவில் கிடக்கிற இடம். 10 மீட்டர் இடைவெளி என்பது ஆறேழு ஆண்டுகளுக்குக் காலி நிலம். அதில் அவர்கள் ஏற்கெனவே போடுகிற பயறும் நிலக்கடலையும் தொடர்ந்து போடட்டும். தண்ணீர் வசதி உள்ளவர்கள் காய்கறி போடட்டும். ஓரத்தில் முருங்கை வைத்தால் ஆண்டு முருங்கை ஆறு முதல் எட்டு மாதத்தில் காய்க்கும். பப்பாளி ஒன்பது பத்து மாதத்தில் வரும், ஆனால் வளையப்புள்ளி வைரஸ் உள்ள பகுதி என்றால் அதை நம்பாதீர்கள். கொய்யா இரண்டு மூன்று ஆண்டு, எலுமிச்சை மூன்று நான்கு. ஊடுபயிர் வருமானம் மட்டும் இல்லை அம்மா, அதுதான் காவலும்கூட. தன் பயிரைப் பார்க்கப் போகிறவர் மாங்கன்றையும் பார்ப்பார். பயிருக்குப் பாய்கிற தண்ணீர் கன்றுக்கும் போகும். ஊடுபயிர் இல்லாத தோட்டத்துக்கு ஆள் போக வேண்டிய காரணமே இல்லை.

குஜராத்தில் வான்ஸ்டா பகுதியில் 1982-இல் பைஃப் என்ற தொண்டு நிறுவனம் தொடங்கிய ‘வாடி’, அதாவது சிறு பழத்தோட்ட முறையைப் படித்துப் பாருங்கள். பழங்குடிக் குடும்பங்களின் சரிவான நிலம். மாவும் முந்திரியும் நடுவில், எல்லையில் காட்டு மரம், இடையில் வழக்கமான பயிர், மண்ணும் நீரும் ஓடாமல் தடுக்கும் வேலை. கூட்டுறவும் பதப்படுத்தலும் அங்கேயும் வந்தன, ஆனால் பழம் வந்த பிறகு வந்தன. அந்த மாதிரியை எடுத்துத்தான் பிற்பாடு ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டு பழங்குடியினர் மேம்பாட்டு நிதி என்று நாடு முழுக்க விரித்தது. அதை நகலெடுத்த பலர் மாவையும் முந்திரியையும் மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார்கள்.

அப்புறம் ஆடு. நிலமில்லாத, ஆடு மட்டும் வைத்திருக்கிற குடும்பங்கள் உங்கள் 60-இல் இருக்க மாட்டார்கள், ஏனென்றால் நிலம் இருந்தால்தான் பயனாளி. ஆனால் உங்கள் மரம் வாழ்வதா சாவதா என்று முடிவு செய்வது அவர்கள்தான். அறுவடை முடிந்ததும் எல்லா நிலத்திலும் மேய்ப்பது அவர்களுக்கு வழிவழியாக வந்த உரிமை. நீங்கள் வேலி போட்டு அதை எடுத்துக்கொள்கிறீர்கள். அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசாமல் போட்ட முள்வேலி ஒரு பருவம்கூடத் தாங்காது. வரப்பில் தீவன மரம் வைத்து அதன் தழை அவர்களுக்கு என்று ஒப்புக்கொண்ட இடத்தில் ஆடு உள்ளே வரவில்லை, நானே பார்த்தேன்.

கடைசியாக, ‘ஒப்படைத்தல்’ என்ற சொல்லை நான்காம் ஆண்டிலிருந்து எடுத்து இரண்டாம் ஆண்டில் போடுங்கள். பணத்தைச் செலவழிக்கிற முடிவை, அதாவது எந்தக் கன்று, யாரிடம் வாங்குவது, யாருக்குப் பழுது பார்ப்பது என்பதையெல்லாம், நீங்கள் ஊரில் இருக்கும்போதே அவர்கள் எடுக்கட்டும். சண்டை வரும். நீங்கள் இருக்கும்போது வந்தால் நல்லது.

---

நாற்றங்கால் அக்கா:

பதியன் ஐயா கன்றைப் பற்றி விட்டுவிட்டார், அதை நான் சொல்கிறேன். சொந்தமாக நாற்றங்கால் வைத்திருப்பவள்.

தங்கச்சி, ஒப்பந்தத்துக்குக் குறைந்த விலை கேட்டவரிடம் லாரியில் கன்று இறக்காதே. பையில் ரொம்ப நாள் கிடந்த கன்றில் வேர் அடியில் சுருண்டு கிடக்கும். வெளியே பார்க்க உயரமாக, அழகாக இருக்கும். நட்ட பிறகு அந்தச் சுருள் விரியாது, மூன்றாம் ஆண்டு காற்றில் சாயும்போதுதான் தெரியும். ஒவ்வொரு லோடிலும் இரண்டு மூன்று பையைக் கிழித்து வேரைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடு. விற்பவர் முறைப்பார். முறைக்கட்டும்.

ஒட்டுக்கன்று என்றால் ஒட்டுக்குக் கீழே இருக்கிற வேர்ச்செடியிலிருந்து, அதாவது கொட்டை போட்டு வளர்த்த அடிச்செடியிலிருந்து, துளிர் வந்துகொண்டே இருக்கும். அதைக் கிள்ளாவிட்டால் அதுதான் வேகமாக வளரும், மேலே ஒட்டிய ரகம் காய்ந்து போகும். விவசாயிக்கு மரம் நன்றாக வளர்கிற மாதிரியே தெரியும். ஏழாவது வருடம் நார் நாராக, புளிப்பாக ஒரு காய் காய்க்கும், ‘ஏமாத்திட்டாங்க’ என்பார். ஒட்டு மண்ணுக்கு மேலே தெரிய நடணும், கட்டிய பாலித்தீன் நாடாவைப் பிரிக்கணும், கீழ்த்துளிரைக் கிள்ளணும். பயிற்சி என்று மூன்று நாள் மண்டபத்தில் உட்கார வைக்கிறீர்களே, இந்த மூன்றையும் தோட்டத்தில் அரை மணி நேரத்தில் சொல்லலாம். ஆனால் வருஷம் நாலு தடவை சொல்லணும்.

இன்னொன்று, இது எனக்கு வயிற்றெரிச்சல். இலவசக் கன்று விநியோகம் நடந்தால் சுற்றுவட்டாரத்தில் சின்ன நாற்றங்கால் வைத்திருப்பவர்கள் அந்த ஆண்டு கடையைச் சாத்த வேண்டியதுதான். திட்டம் முடிந்து செத்த கன்றுக்குப் பதில் கன்று வேண்டும் என்று விவசாயி தேடும்போது ஊரில் விற்க ஆள் இருக்காது. நீ கொடுத்த இலவசமே அவரைத் துரத்திவிட்டிருக்கும். அதற்குப் பதில் அந்த ஊரிலேயே ஒட்டுக் கட்டத் தெரிந்த, இல்லை கற்றுக்கொள்ள ஆசை உள்ள இரண்டு பேரைப் பிடி. முன்பணம் கொடுத்து அவர்களிடமே வாங்கு. ஒட்டுக் கட்டுவது கைப்பழக்கம்தான், ஒரு பருவத்தில் வந்துவிடும். ஒட்டுக்குக் குச்சி எடுக்க நல்ல தாய்மரம் எது என்று அடையாளம் காட்டிக் கொடுத்துவிட்டால் போதும். வங்கதேசத்தில் ஹெலன் கெல்லர் இன்டர்நேஷனல் என்ற தொண்டு நிறுவனம் வீட்டுத்தோட்டத் திட்டத்தை 1990-களில் விரித்தபோது ஊர் மட்டத்திலேயே நாற்றங்கால் வைத்துத்தான் விதையும் கன்றும் கொடுத்தார்கள். வைட்டமின் ஏ குறைபாட்டுக்காக ஆரம்பித்த திட்டம், உதவி நின்று சில ஆண்டுகள் ஆன வீடுகளிலும் தோட்டம் இருந்தது.

கொல்லைக் காய்கறிக்கு வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) விதைப் பாக்கெட் கொடுக்காதே. அதிலிருந்து எடுத்த விதை அடுத்த தடவை தாய் மாதிரி வராது, வருஷா வருஷம் உன்னைத்தான் கேட்பார்கள். கத்தரி, வெண்டை, அவரை, தக்காளி நாட்டு ரகத்தில் விதை எடுப்பது சுலபம். பூசணி, பீர்க்கு வகையில் பக்கத்து வீட்டு மகரந்தம் கலக்கும், அதற்குக் கையால் மகரந்தம் சேர்த்துப் பூவைக் கட்டி வைக்கக் கற்றுக்கொடு.

---

வாய்க்கால்:

சொட்டுநீர் பற்றி மட்டும். குழாய் வேலிக்குப் போனதற்கு மக்களைக் குறை சொல்லாதீர்கள். நீரில் உப்பு இருந்தால் சொட்டுவான், அதாவது குழாயில் நீர் சொட்டும் சிறு துளை, அடைக்கும், வடிகட்டியை வாராவாரம் கழுவ வேண்டும், குழாயின் கடைசி முனையைத் திறந்து அலச வேண்டும், உப்பு நீர் என்றால் அவ்வப்போது அமிலம் செலுத்த வேண்டும். இதையெல்லாம் செய்யத் தெரிந்த ஒருவர் ஊரில் இருக்கிறாரா, அவருக்கு யார் கூலி கொடுப்பார், உடைந்த பாகம் எங்கே கிடைக்கும்? மூன்றுக்கும் பதில் இல்லாத இடத்தில் சொட்டுநீர் வேண்டாம்.

குறைந்த கன்று, கை வைத்து ஊற்றும் நீர் என்றால் மண்பானை புதைப்பது நல்ல வழி. மெருகு பூசாத பானையைக் கன்றுக்குப் பக்கத்தில் கழுத்து வரை புதைத்து, நீர் ஊற்றி, வாயை மூடிவிட வேண்டும். மண் காயக் காயப் பானை கசியும். 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய சீன வேளாண் குறிப்பிலேயே இது இருக்கிறது. சரிவு நிலத்தில் கன்றின் கீழ்ப்பக்கம் பிறை வடிவக் கரை எடுத்தால் மழைநீர் தேங்கும். மேலே சருகு மூடாக்கு. பதியன் சொன்ன 100 குடம் இதனால் பாதியாகக் குறையும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் கண்ணுக்குத் தெரியும் அளவு குறையும்.

பொதுக் கிணறு என்றால் யார் எப்போது இறைப்பது என்ற விதியை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். அமெரிக்க ஆய்வாளர் எலினார் ஆஸ்ட்ரமுக்கு 2009-இல் பொருளாதார நோபல் கிடைத்ததே, பொது வளத்தை மக்களே நிர்வகிப்பது பற்றிய ஆய்வுக்காகத்தான். நேபாளத்தில் அரசு கட்டிய கால்வாய்களைவிட விவசாயிகளே நடத்திய பழைய கால்வாய்கள் நீரை நன்றாகக் கடைசி வயல் வரை கொண்டுபோனதை அவர் காட்டினார். விதியும் அபராதமும் அவர்களுடையதாக இருந்தன.

---

கொய்யாக்கிளை:

எல்லாருக்கும் நன்றி. பதியன் ஐயா, ஒரு சிக்கல். தண்ணீரையும் வேலியையும் முதலில் முடித்துவிட்டு நடலாம் என்றால் நடவு இரண்டாம் ஆண்டு மழைக்குத் தள்ளிப்போகும். அப்படியானால் நாங்கள் கூட இருக்கிற கோடை இன்னும் குறையும். எதை விடுவது?

இன்னொன்று. நிலம் எல்லாம் ஆண்கள் பெயரில். கொல்லைத் தோட்டத்தைப் பெண்கள் பார்க்கிறார்கள், மிஞ்சிய காயை விற்றுக் கையில் வைத்துக்கொள்கிறார்கள். கொல்லையிலும் நாலைந்து பழமரம் வைக்கலாம் என்று வரைவில் இருக்கிறது, நிழலும் கிடைக்கும் என்று.

---

பதியன்:

முதல் கேள்விக்கு: இரண்டாகப் பிரியுங்கள். கிணறு இருக்கிற, வேலி இருக்கிற குடும்பங்கள் எப்படியும் இருபதாவது இருக்கும். அவர்கள் முதல் மழையிலேயே நடட்டும். மற்றவர்கள் அந்த ஆண்டு கரையும் வேலியும் போடட்டும், முருங்கை மாதிரி எதையாவது வைக்கட்டும், முதல் கூட்டத்தாரின் தோட்டத்தைப் பார்த்துவிட்டு அடுத்த மழையில் நடட்டும். பிந்தியவர்களின் கோடைக்கு ஒரு தொகையை இப்போதே தனிக் கணக்கில் ஒதுக்குங்கள். நட்ட கன்றுக்குப் பணம் கொடுக்காதீர்கள், கோடை முடிந்து எண்ணும்போது உயிரோடு இருக்கிற கன்றுக்குக் கொடுங்கள். எண்ணுவது அடுத்த தெருக்காரர்கள், உங்கள் ஊழியர் இல்லை. நிதி தருபவர்கள் ‘இலக்கு 60 முதல் ஆண்டிலேயே எட்டப்படவில்லை’ என்பார்கள். அந்த வாதத்தை இப்போதே போட்டு முடித்துவிடுங்கள், பிறகு போட முடியாது.

இரண்டாவதற்கு: கொல்லையில் மரம் வேண்டவே வேண்டாம். மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா நாட்டின் வடகரைப் பகுதியில் 1970-களிலும் 80-களிலும் பெண்கள் காய்கறித் தோட்டம் போட்டு நல்ல வருமானம் பார்த்தார்கள். பிறகு வந்த திட்டங்கள் சுற்றுச்சூழல் பெயரைச் சொல்லி அதே தோட்டங்களுக்குள் மரம் வைக்க ஊக்கம் கொடுத்தன. நிலம் ஆண்களுடையது, அங்கே மரம் வைத்தவருக்கே மரம் சொந்தம். மா வளர்ந்தது, நிழல் விழுந்தது, காய்கறி செத்தது, நிலம் பெண்களின் கையை விட்டு நழுவியது. சில இடங்களில் பெண்கள் மரத்தை வெட்டிப்போட்டார்கள். நான் அவர்கள் பக்கம். கொல்லையை அப்படியே விடுங்கள். அதை ‘வணிகமயமாக்கல்’ என்று எந்தக் கட்டத்திலும் எழுதாதீர்கள், எழுதினால் வருமானத்தைப் பார்க்க வீட்டு ஆண் வந்து உட்காருவார்.

ஏக்கர் நிலத்து மாவுக்கு வேண்டுமானால் ஒரு வழி பாருங்கள்: மரத்தில் பங்கு மனைவிக்கும் உண்டு என்று ஊர்க்கூட்டத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கினோம் ஒரு இடத்தில். சட்டப்படி அது செல்லுமா என்று கேட்காதீர்கள். ஊரில் செல்லுபடியானது.

---

பச்சைப்பை:

ஆலையை விட்டுவிடுகிறேன். ஆனால் எல்லாரும் ஒரே ரகம் நட்டால் எல்லாருக்கும் ஒரே வாரத்தில் பழுக்கும், அன்றைக்கு வியாபாரி சொன்னதுதான் விலை. அதையாவது யோசிக்க வேண்டாமா?

---

பதியன்:

இதை ஒப்புக்கொள்கிறேன், நான் விட்டது இது. முன்பருவம், நடுப்பருவம், பின்பருவம் என்று மூன்று ரகமாகப் பிரித்து நடச் சொல்லுங்கள். காய்கறிக்குச் செங்கல், மணல் குளிர்க்கூண்டு கட்டலாம். டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியது, கரண்ட் வேண்டாம். இரண்டு சுவருக்கு நடுவில் மணல் போட்டு நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும், கீரையும் காயும் சில நாள் கூடுதலாக வாடாமல் நிற்கும். வறண்ட காற்று உள்ள இடத்தில்தான் நன்றாக வேலை செய்யும், புழுக்கமான இடத்தில் பயன் குறைவு.

---

கொய்யாக்கிளை:

வரைவை மாற்றிவிட்டேன். முதல் மழையில் 20 குடும்பம், குடும்பத்துக்கு 20 கன்று, மூன்று ரகம். கொல்லையிலிருந்து மரத்தை எடுத்துவிட்டேன். சொட்டுநீர்ப் பணத்தில் பாதியைப் பிறைக் கரைகளுக்கும் வேலிக்கும் மாற்றி, மீதியைக் கோடைக் கணக்கில் போட்டிருக்கிறேன். ஆடு வைத்திருப்பவர்களோடு இந்த வாரம் கூட்டம். அக்கா, ஊரில் ஒட்டுக் கட்டக் கற்றுக்கொள்ள இரண்டு பெண்கள் முன்வந்திருக்கிறார்கள். முதல் மழைக்கு அவர்களால் கன்று தர முடியுமா?

---

நாற்றங்கால் அக்கா:

முடியாது. மாங்கொட்டை போட்டு வேர்ச்செடி வளர்த்து, ஒட்டுக் கட்டி, அது தேறி வர ஒரு வருஷமாவது ஆகும். முதல் மழைக்கு வெளியே வாங்கு, வேரைப் பார்த்து வாங்கு. இந்தப் பருவத்துக் கொட்டையை அவர்களை இப்போதே சேர்க்கச் சொல், மா விதை காய்ந்தால் முளைக்காது. பழம் தின்ற சில வாரத்துக்குள் விதைத்துவிடணும். அடுத்த மழைக்கு நடுகிற குடும்பங்களுக்கு அவர்களிடம் வாங்குவதாக எழுதி, முன்பணத்தை இந்த மாதமே கொடுத்துவிடு.